சுவரில் ஏறிய ஆறு

நகரத்தில் யாரும் வீடு தராததால்தான் எபியெரே அந்தக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தாள். நைஜீரியாவில் நைஜர் ஆறு நூறு கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் பகுதியில் பிறந்து, நிலத்தையும் நீரையும் வரைவதற்காகவே பல நாடுகளுக்கு அழைக்கப்பட்ட அவளை, சென்னையில் ஓர் ஓவியக்கூடம் ஓராண்டு தங்கி வரையும்படி கூப்பிட்டிருந்தது. கூப்பிட்டவர்கள் மாலை போட்டார்கள், பேசச் சொன்னார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் காட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்ததுமே, அன்றைக்குக் காலையில்தான் வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டதென்று ஒரே குரலில் சொன்னார்கள். ஓவியக்கூடத்தின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த அனுசுயா இதையெல்லாம் கூடவே அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில், "எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் தாங்குவீங்களா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். எபியெரே அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அனுசுயாவின் ஊர் ஓடைமுனை. சென்னைக்கு வடக்கே, ஆறு கடலைத் தொடும் இடத்தில், ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் மறுபக்கம் நிலக்கரி லாரிகள் ஓடும் சாலையும் இருக்க, நடுவில் மிச்சமிருந்த தண்ணீரை நம்பிப் பிழைத்த காலனி அது. அனுசுயாவின் அம்மா பூங்காவனம் கையால் இறால் பிடிப்பவள். படகு கிடையாது, வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்துப் பறியில் போடுவாள். அவள் இளவயதில் அந்தச் சேறு வழவழவென்று இருந்ததாம். இப்போது மின்நிலையத்துச் சாம்பல் படிந்து சிமெண்ட் குழம்பு போலக் கிடந்தது, வெந்நீர் திறந்துவிடும் நாட்களில் தொடை வெந்து தோல் உரிந்தது.

மாடிக்கு ஏறி வந்த எபியெரேயைப் பூங்காவனம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் கையை அவள் கையோடு வைத்துப் பார்த்து, "என்னவிட ஒரு கை கறுப்பு கூடத்தான் கீது," என்றாள். "பரவால்ல, சாப்ட்டியா நீ?"

அதன்பிறகு எபியெரே அவளை அக்கா என்றே கூப்பிட்டாள். அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச்சொல் அதுதான், பல மாதங்களுக்கு அது ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து ஓவியக்காரி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஊர்த்தலைவர் தேசப்பன் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, சமுதாயக்கூடத்தின் நீண்ட சுவரைக் காட்டினார். "சூரியன் எழும்புறாப்புல ஒண்ணு, தென்னமரம் ரெண்டு, முடிஞ்சா ஒரு டால்பின். பாக்க நல்லா இருக்கணும்மா," என்றார். எபியெரே தலையாட்டினாள். மறுநாள் காலையில் அவள் சுவருக்குப் போகவில்லை, பூங்காவனத்தோடு ஆற்றில் இறங்கினாள். வெயில் ஏறி, தண்ணீர் வற்றி, மறுபடி ஏறும்வரைக்கும் அக்காவின் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து அங்கிருந்து தெரிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பல காலைகள் போயின. பிறகு சாம்பல்மேட்டிலிருந்து சாம்பலும், ஆற்றிலிருந்து சேறும், சாலையோரத்திலிருந்து நிலக்கரித் தூளும், சுட்ட சிப்பியின் சுண்ணாம்பும் அள்ளிவந்து குழைத்து, சுவரில் அந்த ஆற்றை வரைந்தாள். ஓரத்திலே புகைபோக்கிகள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன, சாம்பல் குழாய் நடுவாற்றின் குறுக்கே ஓடியது, வாயில் கயிற்றைக் கடித்த பெண்கள் தலைகளாக மட்டும் தெரிந்தார்கள், மற்றதெல்லாம் தண்ணீர்.

ஊர் கூடி நின்று பார்த்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

"இத்தத்தானே தெனம் பாக்குறோம்," என்றார் தேசப்பன். "சுவத்துல வேற எதுக்குப் பாக்கணும்?"

எபியெரே சொன்னதை அனுசுயா தமிழில் சொன்னாள். "எங்க நாட்டுக்கு வந்து வரைஞ்ச வெள்ளக்காரங்க ஆத்த வரைவாங்க, மரத்த வரைவாங்க, மேகத்த வரைவாங்க. அதுல குனிஞ்சு வேலை செய்யுற எங்க ஆளுங்க ஒரு கறுப்புப் புள்ளியா எங்கனா ஓரத்துல இருப்பாங்க. நான் அந்தப் புள்ளி நிக்கிற எடத்துல போய் நின்னு, அதோட கண்ணால பாத்து வரையறேன். பாக்காதத எனக்கு வரைய வராது."

பூங்காவனம் மட்டும் சுவரிலிருந்த தலைகளில் தன் தலையைக் கண்டுபிடித்து, "மூக்குத்தி போட்டிருக்கா பாரு," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள்.

ஆடி அமாவாசை கழிந்த ஒரு காலையில் அந்தச் சுவரில் தண்ணீர் ஏறியது. ஆற்றில் நீர் ஏறிய அதே நேரத்தில் சுவரின் கீழ்விளிம்பில் ஈரம் கண்டு, வரைந்த அலைகள் மெல்ல அசைந்து மேலே வந்து பெண்களின் கழுத்தை நனைத்து நின்றன, மத்தியானத்துக்குள் வற்றிக் கீழே இறங்கின. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. சாணி தெளிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, சுவருக்கும் தண்ணி ஏற ஆரம்பிச்சாச்சா என்று கேட்டபடியே தெளித்துவிட்டுப் போனார்கள். பூங்காவனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பறிக்கயிற்றைப் பல்லில் கடித்து, சுவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டுத் தடவினாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஓர் இறால் துடித்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பறியில் போட்டாள், மறுபடி கையை விட்டாள்.

அதிசயத்தைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் நேரமில்லை, யார் எந்த இடத்தில் உட்காருவது என்பதுதான் பேச்சாக இருந்தது. படகு வைத்திருந்த மேட்டுத்தெருக்காரர்கள் ஆற்றில் முறைவைத்து மீன்பிடிப்பதைப் போலச் சுவரிலும் முறைவைக்க வேண்டும் என்றார்கள். காலனிப் பெண்கள், படகு போகாத சுவரில் படகுக்காரனுக்கு என்ன முறை என்று எதிர்த்துக் கேட்டார்கள். தேசப்பன் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, நீர் ஏறும்போது கைக்காரர்களுக்கு, இறங்கும்போது வலைக்காரர்களுக்கு என்று முடித்துவைத்தார். அம்மன்கோயில் பூசாரி வெள்ளிக்கிழமைகளில் சுவருக்கும் ஒரு சூடம் காட்டினார். சமுதாயக்கூடத்தில் கல்யாணம் வைத்தவர்கள், உள்பக்கம் ஓதமேறாமல் இருக்க நீர் இறங்கும் நேரம் பார்த்து முகூர்த்தம் குறித்தார்கள். சந்தையில் வாங்க வந்தவர்கள், "ஆத்து இறாலா, சுவத்து இறாலா?" என்று கேட்டே வாங்கினார்கள். சுவத்து இறாலில் மண் குறைவு, குழம்பு மட்டும் கொஞ்சம் கறுத்து வரும்.

எல்லாவற்றையும்விடப் பெண்களுக்கு உடம்பு தேறியது. கைகள் மட்டும் நனைந்தால் போதும் என்றானபிறகு தொடைப்புண் ஆறியது, காய்ச்சல் விட்டது, வயசுப் பெண்களுக்கு மாசமாசம் வந்த வலி குறைந்தது. பூங்காவனம் ஒருநாள் மாடிக்கு ஏறி வந்து, எபியெரேயின் தலையில் எண்ணெய் வைத்து, அந்த அடர்ந்த சுருள்மயிரைப் பொறுமையாகப் பிரித்துப் பின்னிவிட்டாள். எபியெரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா செத்தபிறகு அவள் தலையைத் தொட்டவர்கள் யாருமில்லை.

மின்நிலையம் வெந்நீர் திறந்துவிட்ட அன்று சுவரும் சுட்டது. ஆற்றில் எண்ணெய்க் கசிவு வந்தபோது சுவரிலும் எண்ணெய் மிதந்தது. அப்போதுதான் பெண்கள் எபியெரேயிடம் வந்து, எங்க சின்ன வயசு ஆத்த வரைஞ்சு குடு என்று கேட்டார்கள். பின்பக்கச் சுவர் வெறுமையாகத்தான் இருந்தது. எபியெரே வேண்டாமென்றாள், அவர்கள் விடவில்லை. அவரவர் ஒன்றைச் சொன்னார்கள்: அலையாத்தி மரங்கள் இந்தக் கரை முழுக்க நின்றன, தண்ணீருக்கு அடியில் கால்நகம் தெரியும், சிப்பி பொறுக்கினால் மடி கிழியும், மடவை மீன் துள்ளித் தானாகப் படகில் விழும். எபியெரே அத்தனையையும் கேட்டு, பச்சையும் நீலமுமாக, வாங்கிவந்த நல்ல சாயங்களில் பின்சுவரில் வரைந்தாள். அவள் வாழ்நாளில் வரைந்த எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது அது. நீர் ஏறும் நேரத்தில் பெண்கள் பறிகளோடு வந்து அதன் எதிரே உட்கார்ந்தார்கள். முன்சுவரில் நீர் ஏறி இறங்கியது, பின்சுவர் சுவராகவே இருந்தது. வயதில் மூத்த ஒருத்தி நெடுநேரம் கையால் தடவிக்கொண்டே இருந்து, விரல்முட்டிகள் தேய்ந்து ரத்தம் வந்தபிறகு எழுந்து போனாள்.

"சொன்னேனே," என்றாள் எபியெரே, அனுசுயா வழியாக. "எங்க அம்மா பாத்த ஓடையை நான் இப்படித்தான் வரைஞ்சேன். எண்ணெய்க் கம்பெனி வர்றதுக்கு முன்னாடி இருந்த ஓடை. பெரிய மியூசியத்துல மாட்டியிருக்காங்க. அதுல ஒரு கொசுகூட மொய்க்காது."

ஐப்பசி மழை தொடங்கும் முன்பு நிலக்கரிக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நிலக்கரி இறக்கக் கிடங்கு கட்டுவதற்காக, மிச்சமிருந்த ஆற்றை மண்ணடித்து மேடாக்கப் போகிறார்கள் என்று ஊரில் ரொம்ப காலமாகவே பேச்சு இருந்தது. வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு முன் நின்று, நீர் ஏறுவதைப் பார்த்து, கைகூப்பினார். எபியெரேக்குச் சால்வை போட்டார். பூங்காவனம் எடுத்த இறாலை வாங்கி மோந்து பார்த்து, "இதுவல்லவா வாழ்வாதாரம்," என்றார். போகும்போது தேசப்பனைத் தனியாக அழைத்து, சுவரை யாரும் தொடமாட்டார்கள், மழைபடாமல் மேலே கூரை போட்டுத் தருகிறோம், நடக்கப்போகும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்கிறவர்களுக்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள், அது போதும் என்றார்.

அனுசுயா அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து இதைக் கேட்டதும், எபியெரேயிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எபியெரே தின்றுகொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், ஊர் உண்டு படுத்த நேரத்தில், அவள் ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். தூரிகையை நனைத்து மேல்மூலையில் ஓர் இழுப்பு இழுத்ததுமே, வானம் இருந்த இடம் வெள்ளையாயிற்று, உள்ளே ஒரு நாரை கத்தியது. அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்தது பூங்காவனம்.

"இன்னா பண்ற நீ?"

"அக்கா," என்றாள் எபியெரே. மீதியை, அன்றைக்கு விடுமுறையில் வீட்டிலிருந்த அனுசுயா, அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவே நின்றுகொண்டு சொன்னாள். "இந்தச் சுவர் இருந்தா ஆறு தேவையில்லன்னு சொல்லிடுவாங்கம்மா. சுவத்த அழிச்சாத்தான் ஆத்துக்காகப் பேச முடியும்."

"ஆறு இன்னா குடுக்குது? புண்ணு குடுக்குது. சுவரு சோறு போடுது."

"ரெண்டும் ஒரே தண்ணிம்மா. அது சுட்டா இது சுடுது. அது போனா இதுவும் போயிடும்."

"சுவத்துல கீற ஆத்த எப்படிடி மண்ணப் போட்டு மூடுவான்?" பூங்காவனம் மகளைத் தள்ளிவிட்டு எபியெரேயின் முன்னால் போய் நின்றாள். "நீ நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. நான் எங்க போவேன்? எங்க சோத்துல வெள்ளையடிக்கவா உனக்குத் தலை வாரிவிட்டேன்?"

இதை அனுசுயா மொழிபெயர்க்கவில்லை. எபியெரேக்கு வேண்டியிருக்கவுமில்லை. அவள் தூரிகையை வாளியில் போட்டாள். பெண்கள் ஈரத்துணியால் மேல்மூலையைத் துடைத்து வானத்தை மீட்டெடுத்தார்கள். அன்றிலிருந்து பூங்காவனம் அவளுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மோர் பாக்கெட் கொடுத்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வெளிநாட்டவருக்குப் பேச உரிமையில்லை என்று எபியெரேயைப் பந்தலின் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். படித்த பிள்ளைகள் சிலர் எழுந்து சத்தம் போட்டார்கள், அனுசுயாவும் போட்டாள். மேடையில் இருந்து கூட்டத்தை நடத்தியவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் பூங்காவனத்தை அழைத்தார். அவள் சுவரிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் பறி.

"அம்மா, இன்னிக்கு இறால் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எங்க புடிச்சீங்க?"

அவள் மகளைப் பார்த்தாள். தேசப்பனைப் பார்த்தாள். கடைசிவரிசையில் நின்ற எபியெரேயைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பொய் சொல்லியிருந்தாலும் பறியில் இருந்த இறால்கள் மேலெல்லாம் சுவரின் கரியும் சுண்ணாம்பும் அப்பிக்கிடந்தன.

"சுவத்துல," என்றாள்.

மேடையில் இருந்தவர் நன்றி சொல்லி, ஊர்மக்களின் பிழைப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று மைக்கில் அறிவித்தார். சுவருக்குக் கூரை சொன்னபடி வந்தது. தை பிறந்ததும் லாரிகள் வந்தன.

ஆற்றில் முதல் மண் விழுந்தபோது சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது, தூரத்தில் கதவைச் சாத்துவதுபோல. பெண்கள் கைகளை எடுக்கவில்லை. அடுத்த நாட்களில் இறாலோடு சரளைக்கல் வந்தது, பிறகு சரளையே வந்தது. சுவருக்குள் லாரி பின்னால் போகும்போது அடிக்கும் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வரைந்த பெண்கள் மார்புவரை வெளியே தெரிந்தன, பிறகு இடுப்புவரை. ஒவ்வொருத்தியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பூங்காவனம் மட்டும், மூலையில் ஆழமா ஒரு பள்ளம் இருக்கு, அங்க எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் என்று சொல்லி, முகத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு தோள்வரைக்கும் வலதுகையை விட்டுத் துழாவினாள். அங்கே ஆற்றில் கடைசி லாரி மண்ணைக் கொட்டி, புல்டோசர் அதைச் சமன்செய்தது. இங்கே சுவர் இறுகியது.

அவள் கத்தவில்லை. கையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "மாட்டிக்கிச்சு," என்றாள், பக்கத்தில் போனவனிடம்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கூரையின் கீழே அவளுக்குக் கட்டில் போட்டார்கள், தலைக்கு வைக்கச் சணல்சாக்கு கொடுத்தார்கள், முறைவைத்துச் சோறு ஊட்டினார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளிடம் கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். தேசப்பன் வந்து சுவரை உடைக்கலாமா என்று கேட்டபோது அவள் வேண்டாமென்றாள். "உள்ள இன்னும் ஈரம் கீது," என்றாள். "வெரல்ல தெரியுது."

எபியெரே சாம்பலும் சேறும் குழைத்து வந்து, அக்காவின் தோளைச் சுற்றித் தண்ணீர் வரைந்தாள். வரைய வரைய அது காய்ந்து உதிர்ந்தது. ஆற்றங்கரைக்குப் போய் நின்று பார்த்தாள். பார்ப்பதற்குச் சமதரைதான் இருந்தது, அதன்மேல் வேலி போட ஆட்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பூங்காவனத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இதற்குள் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"அக்கா. பாத்தேன். தண்ணி இல்ல."

சுண்ணாம்பு வாளிக்குப் பிறகு முதல்முறையாகப் பூங்காவனம் அவளிடம் பேசினாள்.

"அப்ப ஒடைச்சிடு."

சம்மட்டியை எபியெரேதான் தூக்கினாள், வேறு யாரையும் விடவில்லை. புகைபோக்கிகள் விழுந்தன, குழாய் விழுந்தது, மூக்குத்தி போட்ட தலை விழுந்தது. உள்ளே வெறும் செங்கல்தான். கை வெளியே வந்தபோது முழங்கைவரை சாம்பல் நிறமாக, விரல்கள் மூடி இருந்தது. அனுசுயா ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒன்றுமில்லை.

எபியெரேக்கு விசா முடிந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஏறுமுன் அவள் பூங்காவனத்தின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிடங்கு எழுந்தது. ஊரில் எல்லாருக்கும் வேலை என்றார்கள், சிலருக்குக் கிடைத்தது. பூங்காவனத்துக்கு நிலக்கரித் தூளைக் கூட்டி அள்ளும் வேலை. ஆனால் அவள் வலதுகைக்கு மட்டும் இன்னும் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதிகமாக, மற்ற நாட்களில் கொஞ்சமாக, ஆற்றில் நீர் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் விரல்நுனிகளில் கசிந்து, சொட்டி, கூட்டிவைத்த தூளை நனைத்தது. கரியை ஈரமாக்குகிறாள் என்று மேஸ்திரி வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தான். அதனால் அவள் ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர்பேண்டு போட்டுக்கொண்டு இடதுகையால் கூட்டினாள்.

எபியெரே எப்போதாவது போனில் முகம்காட்டிப் பேசுவாள். தன் ஊருக்கே திரும்பிவிட்டாள். அவள் பின்னால் ஓடை தெரியும், தண்ணீரில் எண்ணெய் வானவில் போல மினுங்கும்.

"அக்கா, தண்ணி வருதா?"

"வருது."

"மீனு?"

"மீனு எங்க வரும், வெரல்ல?" என்பாள் பூங்காவனம். பிறகு, "நீ ஒங்க ஆத்த வரையிறியா?" என்று கேட்பாள்.

எபியெரே அனுசுயாவிடம் ஆங்கிலத்தில் சொல்லுவாள், வரைவதில்லை என்று. இங்கேயும் சால்வையோடு யாராவது வருவார்கள், சுவரில் இருக்கிறதே, போதாதா என்பார்கள் என்று. அதனால் பகலெல்லாம் வெறுமனே கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்ப்பதை நிறுத்தத்தான் முடியவில்லை என்று.

வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பூங்காவனம் சாலையோரத்தில் நின்று ரப்பர்பேண்டைக் கழற்றிப் பையைக் கவிழ்ப்பாள். உப்புத் தண்ணீர், செடிக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. அது கரித்தூசியில் விழுந்து ஒரு கையகலத்துக்குக் கறுப்பாகப் பரவும். லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். அவள் பையை உதறி மறுநாளைக்காக மடித்து இடுப்பில் செருகுவதற்குள், அந்த இடம் காய்ந்திருக்கும்.